தாகத்தில் பிறந்த தொண்டு

புனாவிலிருந்து மீரஜ் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், சதாராவைக் கடந்து கராட் வருவதற்குள் மசூர் என்றொரு சிறு நிலையம் வருகின்றது. விரைவு வண்டியில் செல்வோர் அதன் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி அதைக் கடந்துவிடும். 1901-ஆம் ஆண்டில் அந்தப் பாதை தென் மராட்டா ரயில்வேக்கு உரியதாயிருந்தது. 1908-இல் அக்கம்பெனி மதராஸ் ரயில்வேயுடன் இணைந்து, நம் முன்னோர் எம்.எஸ்.எம். என்று வாய் நிறையச் சொன்ன பெருங் கம்பெனியாயிற்று. ஆகவே சென்னையை விட்டு வடக்கே பிழைக்க வந்த நம்மவர்க்கு அது முற்றிலும் அந்நியமான பாதையன்று.

அந்த மசூர் நிலையத்தில், 1901-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு மாலை ஐந்து மணியளவில், சிறுவர் சிலர் வண்டியைவிட்டு இறங்கினர். அவர்களுள் ஒருவனுக்கு வயது சுமார் பத்து. பெயர் பீமராவ். பிற்காலத்தில் உலகம் டாக்டர் அம்பேத்கர் என்று அறிந்த பெருமகனார் அச்சிறுவரே.

அவருடைய படம் இன்று அரசாங்க அலுவலகங்கள் பலவற்றிலும் மாட்டப்பெற்றிருக்கின்றது. சிலைகள் சாலைச் சந்திகளில் நிற்கின்றன. நம் பிள்ளைகளைக் கேட்டால், அரசியல் சட்டம் எழுதியவர் என்று ஒரே மூச்சில் விடை சொல்வார்கள். ஆயினும், சொந்த முன்னேற்றம் ஒன்றையே நாடியிருந்தால் பெரும் பதவியும் செல்வமும் அடைந்திருக்கக்கூடிய ஒருவர், அவற்றைவிட்டுப் பொதுத் தொண்டில் ஏன் புகுந்தார்? இதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் படை முகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி, பட்டாளத்தில் சுபேதார் பதவியிலிருந்தவர். தாயார் பீமாபாய். பெற்றோர்க்குப் பதினான்காவது குழந்தை இவர். குடும்பத்தின் பூர்விகம் ரத்னகிரி மாவட்டம், சாதி மகார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் ராம்ஜி குடும்பத்துடன் சில காலம் தாபோலியிலும் பின்னர் சதாராவிலும் வாழ்ந்தார். சதாராவில் தாயார் காலமானார். உடல் ஊனத்தோடு நோயும் கொண்டிருந்த அத்தை ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

சதாராப் பள்ளிக்கூடத்தில் பீமராவ் மற்ற மாணவரோடு சேர்ந்து அமர முடியாது. வகுப்பின் ஒரு மூலையில், தான் கொண்டுவந்த கோணித் துண்டை விரித்து அமரவேண்டும். மாலையில் பள்ளியைக் கூட்டும் வேலையாள் அந்தக் கோணியைத் தொடமாட்டான் என்பதனால், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகமெடுத்தால் மற்றப் பிள்ளைகள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து குடிக்கலாம்; இவருக்கோ பள்ளிப் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டியதுதான். ஊரில் நாவிதர் இவர்களுக்கு முடி வெட்டமாட்டார். சலவைக்காரர் துணி வெளுக்கமாட்டார். தமக்கைமாரே துணி துவைத்தனர். மூத்த தமக்கையே தம்பியர்க்கு முடி வெட்டியும் விட்டார். இவையெல்லாம் அச்சிறுவனுக்குத் தெரிந்திருந்தன. உலகத்தின் இயல்பே இதுதான் என்று அவன் ஏற்றுக்கொண்டிருந்தான் என்றும் சொல்லலாம். மழையும் வெயிலும் போல அதுவும் ஒன்று. குழந்தைகள் எதற்கும் பழகிவிடுகின்றார்கள்!

அப்போது ராம்ஜி, கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுப் பம்பாய் அரசாங்கம் அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. விடுமுறையைத் தம்முடன் கழிக்குமாறு அவர் பிள்ளைகளை அழைத்திருந்தார். ரயிலேறுவது அவர்களுக்கு அதுவே முதன்முறை. வீட்டில் ஒரே கோலாகலம். புதுச் சட்டை, சரிகை மின்னும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் தைத்தும் வாங்கியும் தயாராயின. அத்தை கூடை நிறையப் பலகாரமும் சோறும் கட்டிக்கொடுத்தார். வரும் நாளைக் குறித்துத் தந்தைக்குக் கடிதமும் எழுதியாயிற்று. பீமராவும், தமையனும், மறைந்த மூத்த சகோதரியின் பிள்ளைகளும் பத்து மைல் தொலைவிலிருந்த சதாரா நிலையத்துக்கு டோங்காவில் சென்று ரயிலேறினர்.

மசூரில் இறங்கிய மற்றப் பயணிகளெல்லாம் தத்தம் வழியே போய்விட்டனர். தந்தையையும் காணோம், அவர் அனுப்பியிருக்க வேண்டிய ஆளையும் காணோம். அவருடைய பியூன் கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டான் என்பது பின்னர்த் தெரிந்தது. அரை மணிக்கு மேல் ஆயிற்று. நன்றாக உடுத்திய சிறுவர்கள் மேடையில் தனியே நிற்பதைக் கண்ட ஸ்டேஷன் மாஸ்டர் அருகில் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார், எங்கே போகவேண்டும் என்று பரிவோடு கேட்டார், அவர்கள் யார் என்றும் கேட்டார். சிறுவன் பீமராவ் சிறிதும் யோசியாமல் தாங்கள் மகார்கள் என்று கூறிவிட்டான். அவர் முகம் மாறிற்று. ஒன்றும் பேசாமல் தம் அறைக்குத் திரும்பிவிட்டார்.

சிறிது நேரங் கழித்து அவர் மீண்டும் வந்து, என்ன செய்யப்போகின்றீர்கள் என்று கேட்டார். வெளியே வாடகை மாட்டுவண்டிகள் பல நின்றன. ஆனால் செய்தி அதற்குள் வண்டிக்காரர்களுக்கு எட்டியிருந்தது. இரட்டை வாடகை தருவதாகச் சொல்லியும் ஒருவரும் இசையவில்லை. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே ஒரு வழி கண்டார். சிறுவர்கள் தாங்களே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டியது; வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வரவேண்டியது; வாடகை இரண்டு மடங்கு. ஒரு வண்டிக்காரன் இதற்கு உடன்பட்டான்.

இந்த ஸ்டேஷன் மாஸ்டரைப்பற்றி யான் பலமுறை எண்ணியதுண்டு. அவரைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. இருள் சூழும் வேளையில் குழந்தைகளைத் தவிக்கவிடாமல் வண்டி ஏற்பாடு செய்தார். வேறொருவர் அதுவும் செய்திருக்கமாட்டார். ஆனால் அவர் செய்த ஏற்பாட்டில் எவருடைய வழக்கமும் கலையவில்லை, எவருடைய தீட்டும் நீங்கவில்லை. டிக்கெட் கொடுக்கும் சன்னலில் சாதி கேட்பதில்லை. பணம் கொடுத்தவர்க்கெல்லாம் ஒரே டிக்கெட், ஒரே வண்டி. நிலைய மேடையில் கால் வைத்த பிறகல்லவா கேள்வி பிறந்தது!

வண்டி புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும், தீட்டுக்கு அஞ்சி நடந்து வந்த வண்டிக்காரன் தாவி ஏறிச் சிறுவர்களின் அருகிலேயே அமர்ந்து, கயிற்றைக் கையில் வாங்கி ஓட்டத் தொடங்கினான். ஊரார் கண்ணுக்கு அப்பால் வந்ததும் தீட்டு எங்கே போயிற்று என்று சிறுவர்களுக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணியவில்லை. அதற்கு முன்பே வழியில் ஓர் ஓடையருகே நிறுத்தி, அங்கே உணவருந்துமாறு அவர்களிடம் சொல்லிவிட்டு, அவன் பக்கத்து ஊருக்குத் தன் உணவுக்காகச் சென்றான். கூடையைப் பிரித்தனர். உணவு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஓடையில் தேங்கியிருந்தது சேறும், மாடுகளின் சாணமும் கோமியமும் கலந்த நீர். வாயில் வைக்க முடியவில்லை. பாதி உணவில் கூடையை மூடிவிட்டனர்.

நள்ளிரவில் மலையடிவாரத்துச் சுங்கச் சாவடியை அடைந்தனர். சாவடிக்காரரிடம் மகார் என்று சொன்னால் தண்ணீர் கிடைக்காது, முஸ்லிம் என்று சொல்லிப் பாருங்கள் என்று வண்டிக்காரன் யோசனை கூறினான். பீமராவ் சென்று உருதுவில் பேசித் தண்ணீர் கேட்டான். உருதுவும் உதவவில்லை, உங்களுக்காக இங்கே யார் தண்ணீர் வைத்திருக்கின்றார்கள், மலைமேல் இருக்கின்றது போய்க் குடியுங்கள் என்று சாவடிக்காரர் விரட்டிவிட்டார். மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டிக்குள்ளேயே படுக்கையை விரித்து, களவுக்கு அஞ்சி முறைவைத்து விழித்திருந்து, தாகத்தோடு இரவைக் கழித்தனர். மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குத்தான் கோரேகாவ் போய்ச் சேர்ந்தனர்.

அந்த வண்டியில் சென்றவர் பீமராவ் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை வாசகர்கள் கருதவேண்டும். உடன் சென்ற பிள்ளைகளும் அதே இரவில் அதே தாகத்தை அடைந்தனர். நாடெங்கும் அத்தகைய இரவுகளைக் கண்ட குழந்தைகள் இலட்சக் கணக்கில் இருந்திருப்பார்கள். துன்பம் மட்டுமே ஒருவரைத் தொண்டராக்கும் என்றால் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தொண்டர்கள் தோன்றியிருப்பர். பெரும்பாலோர் அத்துன்பத்தை விழுங்கிக்கொண்டு வாழ்ந்தனர். சிலர் அதிலிருந்து தப்பிக்கும் வழியைத் தேடினர். பீமராவும் முதலில் தப்பிக்கும் வழியையே தேடினார். அவ்வழி கல்வி.

தந்தையார் ராம்ஜி அதற்கு உறுதுணையாயிருந்தார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களின் நகையை வாங்கி அடகு வைத்தேனும் வாங்கிக் கொடுத்துவிடுவார். பம்பாயில் தொழிலாளர் வாழும் சாலில் ஒரே அறையில் குடியிருந்துகொண்டு, எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1907-இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். மெட்ரிகுலேஷன் என்றால் இக்காலத்துப் பிள்ளைகள் அலட்சியமாகச் சிரிக்கக்கூடும். அக்காலத்தில் அச்சமூகத்தில் அது ஒரு திருவிழா. பாராட்டுக் கூட்டம் நடந்தது, எஸ்.கே. போலே என்னும் சீர்திருத்தவாதி தலைமை வகித்தார். கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். பரோடா மகாராஜா சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாய் உதவியால் கல்லூரிப் படிப்பு முடிந்தது. 1913-இல் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டு மகாராஜாவின் உதவியோடு அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பயின்றார்; பின்னர் லண்டன் சென்றார். உதவித் தொகையின் காலம் முடிந்தமையால் 1917-இல், படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். வாங்கிய உதவிக்கு ஈடாகப் பரோடா அரசில் பணி செய்வதாக ஒப்பந்தம் இருந்தது.

பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு. அமெரிக்காவிலும் லண்டனிலும் நான்காண்டுகள் வாழ்ந்ததனால் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவே அவருக்கு மங்கியிருந்தது. நிலையத்தை விட்டு வெளிவந்ததும் அந்நினைவு திரும்பிற்று. எங்கே தங்குவது? இந்துக்களின் உணவு விடுதிகளில் இடமில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்று இருப்பதாகக் குதிரைவண்டிக்காரன் கூறினான். அது பார்சிகளுக்கு மட்டுமே உரியது. ஆனால் வருமானமின்றியிருந்த அதன் காவலர், பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இடம் கொடுக்க இணங்கினார். மாடியில் ஒரு சிறு அறை. சுற்றிலும் உடைந்த சாமான்கள் குவிந்த இருண்ட கூடம், இரவில் வௌவால்கள், வெளிச்சத்துக்கு ஒரே ஓர் அரிக்கேன் விளக்கு. கொலம்பியாவில் பொருளாதாரம் கற்று வந்த அறிஞர், கள்ளப் பெயரில் அங்கே பதினொரு நாள் வாழ்ந்தார்.

அலுவலகத்தில் நிலைமை அதனினும் நன்றாயில்லை. பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடாமல் மேசைமேல் எறிந்தனர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அலுவலக வாழ்வை அறிந்த நம்மவர் இதனைச் சிறிது மனத்தில் கொண்டுவந்து பார்க்கவேண்டும். மேலதிகாரியின் கடுமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொண்டுவருபவனே முகம் திருப்பினால் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

பதினோராம் நாள் காலையில், அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில், தடிகள் ஏந்திய பார்சிகள் பன்னிருவர் மாடிப்படி ஏறி வந்தனர். சத்திரத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூறி, மாலைக்குள் காலி செய்யவேண்டுமென்று மிரட்டிச் சென்றனர். அரசாங்க விடுதி கிடைக்குமா என்று முயன்றார், கிடைக்கவில்லை. நண்பர் இருவரை அணுகினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். முன்னவர், இவர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று தயங்கினார். பின்னவர், மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரையில் காமாட்டி பாக் என்னும் பூங்காவில் அமர்ந்திருந்து, பின்னர் ரயிலேறினார்.

அண்ணலின் வாழ்வு திரும்பிய இடம் இதுவே என்பது என் துணிபு. மசூரில் தாகத்தோடு கிடந்த சிறுவனுக்கு, படித்துப் பெரியவனானால் இது தீரும் என்ற நம்பிக்கை இருந்திருக்க இடமுண்டு. பரோடாவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. உலகிலேயே சிறந்த பல்கலைக்கழகங்களின் பட்டமும், மகாராஜாவின் தயவும், உயர்ந்த உத்தியோகமும் ஒருங்கே வாய்த்தும், ஒரு குவளைத் தண்ணீர் தடையின்றிக் கிடைக்கவில்லை. ஆகவே தனியொருவர் ஏறித் தப்பிக்கக்கூடிய ஏணி எதுவும் இல்லை; ஏறினால் எல்லாரும் ஒருங்கே ஏறவேண்டும் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், ஆசிரியர்களுக்குரிய குடத்திலிருந்து இவர் நீர் எடுப்பதற்குச் சிலர் மறுப்புத் தெரிவித்தனர்.

அதன் பிறகு அவர் காலத்தை வீணாக்கவில்லை. 1920 ஜனவரியில், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியோடு, ஊமைகளின் தலைவன் எனப் பொருள்படும் மூக்நாயக் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு மீண்டும் லண்டன் சென்று, அரைவயிறு உண்டு படித்து, பாரிஸ்டர் பட்டம் பெற்று 1923-இல் திரும்பினார்; விஞ்ஞான டாக்டர் பட்டமும் அவ்வாண்டே கிடைத்தது. 1924-இல் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென ஒரு சபையை நிறுவினார்.

இனி மஹாட் நிகழ்ச்சிக்கு வருவோம். 1923-இல் பம்பாய்ச் சட்டசபையில், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் தீண்டாதார் எனப்பட்டோர் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதனைக் கொண்டுவந்தவர், பதினாறு ஆண்டுகளுக்கு முன் மெட்ரிகுலேஷன் பாராட்டுக் கூட்டத்தில் தலைமை தாங்கிய அதே போலே அவர்கள். கொங்கணத்திலுள்ள மஹாட் நகராட்சி, தன் சவதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுவதாக 1924-இல் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் கை வைக்க எவரும் துணியவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களும் பிற சமயத்தவரும் அக்குளத்தில் நீர் எடுத்தனர், கால்நடைகள் குடித்தன. மகார்கள் மட்டும் எடுக்கக்கூடாது.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாள்களில் அங்கே மாநாடு கூடியது. சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தனர். வந்தவர்களின் தாகத்துக்கு உயர் சாதியாரிடமிருந்து நாற்பது ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. பொதுக் குளம் ஒன்று கண்ணெதிரே இருக்க, தண்ணீரை விலைக்கு வாங்கி மாநாடு நடத்திய கணக்கு இது. செலவுக் கணக்கு எழுதுபவர்க்கு இந்த ஒரு வரியே நிலைமையைச் சொல்லிவிடும். இரண்டாம் நாள், அம்பேத்கர் முன்செல்ல, அனைவரும் அமைதியாக அணிவகுத்துக் குளக்கரையை அடைந்தனர். அவர் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். மற்றவர்களும் பருகினர். அந்த நீரைக் குடித்தால் அமரராகிவிடுவோம் என்பதற்காக அவர்கள் செல்லவில்லை. அதனைக் குடியாமலே தலைமுறை தலைமுறையாக உயிர் வாழ்ந்தவர்கள்தாம். நாங்களும் மனிதர்களே என்பதை நிலைநாட்டவே சென்றனர்.

இரண்டு மணி நேரத்திற்குள் ஊரில் ஒரு புரளி கிளம்பிற்று. இவர்கள் வீரேசுவரர் கோயிலிலும் நுழையப் போகின்றார்கள் என்பதே அது. பந்தலில் உணவருந்திக்கொண்டிருந்தவர்கள்மீதும், ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்மீதும் தடியடி விழுந்தது. பலர் காயமுற்றனர். பட்டாளத்தில் பணியாற்றிய மகார்கள் பலர் அங்கிருந்தனர். தலைவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் திருப்பித் தாக்கியிருப்பார்கள். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. பின்னர், நூற்றெட்டுக் குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் முதலியன ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். நகராட்சியும் தன் பழைய தீர்மானத்தை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் கூடியபோது நீதிமன்றத் தடை குறுக்கிட்டது. சட்டம் கற்றவராகிய அவர் அதனை மதித்துக் குளத்தில் இறங்காமல், வழக்காடுவதென்று முடிவு செய்தார். அம்மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்குரிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே என்னும் பிராமணர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. குளத்து வழக்கோ பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோர்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இடையிலும் அவமதிப்புகள் நின்றபாடில்லை. 1929-இல், தீண்டாதாரின் குறைகளை விசாரிக்க அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்கினார். பாரிஸ்டராயினும் அவரை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழகாத மகார் ஒருவரே ஓட்டினார். பாலமொன்றில் வண்டி தடுமாறி, அண்ணல் கீழே எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. 1934-இல், தோழர்களுடன் தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்று, வாயிலிலிருந்த சிறு குளத்தில் முகம் கழுவியபோது, முஸ்லிம் முதியவர் ஒருவர் குளம் தீட்டாயிற்று என்று கூச்சலிட, கூட்டம் சூழ்ந்துகொண்டது. இறுதியில், உள்ளே எங்கும் நீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதந் தாங்கிய காவலர் ஒருவர் துணையிலேயே கோட்டையைப் பார்க்க விட்டனர். தீட்டு என்னும் நோய் ஒரு சமயத்தாரோடு நிற்பதன்று என்பதற்கு இவற்றைச் சான்றாக அவர் எழுதி வைத்தார். மசூர், பரோடா, சாலிஸ்காவ், தௌலதாபாத் ஆகிய நிகழ்ச்சிகள் அடங்கிய அந்தச் சிறு நினைவுக் குறிப்பு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1990-இல்தான் நூலாக வெளிவந்தது.

லண்டனில் 1930 முதல் நடந்த வட்டமேஜை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அண்ணலுடன் அமர்ந்தவர் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். கோயமுத்தூரில் படித்த காலத்தில், தம் சாதி பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, சக மாணவரோடு பழகாமல் ஒதுங்கியே நடந்தவர் அவர். அவ்வாறு ஒதுங்கி நடந்த கால்களே, பின்னாளில் பேரரசர் முன்னிலையில் தம் மக்களுக்காக வாதாட லண்டன் சென்றன. 1932-இல் காந்தியடிகளின் உண்ணாவிரதமும் புனா ஒப்பந்தமும் பலரும் எழுதியவை, ஈண்டு விரிக்கவில்லை.

ரயில்வேக் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 1938 பிப்ரவரியில் மன்மாடில், ஜி.ஐ.பி. ரயில்வேயில் பணிபுரிந்த ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் தலைமை வகித்துப் பேசினார். அம்மக்கள் பாதையில் கேங்மேன் வேலை ஒன்றிலேயே வாழ்நாள் முழுதும் கழிக்கவேண்டியிருப்பதையும், போர்ட்டராகக்கூட நியமிக்கப்படாததையும் அவர் எடுத்துக் காட்டினார். காரணம் என்ன? ஸ்டேஷன் மாஸ்டர் தம் வீட்டு வேலைக்கும் போர்ட்டரையே பயன்படுத்துவார். தீண்டாதாரை வீட்டுக்குள் விடமுடியாது. ஆகவே போர்ட்டர் வேலையும் இல்லை. விதிப் புத்தகத்தில் எங்கும் காணாத விதி இது. ஒரு நிலையத்தின் புழக்கடையில் நடப்பதை இத்துணை நுட்பமாகக் கண்டறிந்து சொன்ன தலைவர் வேறொருவர் இருந்தாரா என்பது ஐயமே.

இவ்வளவுக்கும் இடையே சொந்த வாழ்வில் அவர் பட்ட துயரம் பெரிது. ஐந்து குழந்தைகளில் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். கணவர் கடல் கடந்து படித்த காலமெல்லாம் வறுமையைத் தாங்கி வீட்டைக் காத்த ரமாபாய் அம்மையார் 1935-இல் காலமானார். பொதுத் தொண்டின் விலையை அதில் ஈடுபட்டவர் மட்டும் கொடுப்பதில்லை, வீட்டிலுள்ளோரும் கொடுக்கின்றனர்.

அவர் பேச்சில் கடுமை மிகுதி என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். கடுமை இருந்தது உண்மையே. சுங்கச் சாவடியில் தண்ணீர் கேட்டு நின்ற சிறுவனிடம் எவரும் மென்மையாகப் பேசவில்லை என்பதும் உண்மையே.

1947 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் போன்ற சட்ட மேதைகள் அக்குழுவில் இருந்தனர். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவைப் பலரும் அறிவர். 15-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு நம் சங்கத்து இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதிலும், அரசாங்கப் பணத்தால் பேணப்படும் கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும், சமயம், சாதி, பால், பிறந்த இடம் முதலிய காரணங்களால் எவருக்கும் தடை இருக்கலாகாது என்று அது விதிக்கின்றது. சட்டத்தின் மொழி எப்போதும் உலர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் தங்கும் விடுதி என்ற சொல்லைக் காணும்போது பரோடாச் சத்திரம் நினைவுக்கு வருகின்றது; குளம் என்ற சொல்லில் மஹாட் தெரிகின்றது. அச்சட்டம் பலர் கூடிச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்தச் சொற்களின் எடையை அவ்வவையில் அவரினும் நன்கு அறிந்தோர் சிலரே இருந்திருப்பர்.

பெண்களின் சொத்துரிமைக்கும் மணவுரிமைக்கும் வகைசெய்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதால் 1951-இல் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்தார். உடல்நிலை நாளுக்கு நாள் குன்றியது. 1907-இல் கேளுஸ்கர் பரிசளித்த நூலில் தொடங்கிய நாட்டம் முதிர்ந்து, 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில், இலட்சக்கணக்கான மக்களோடு புத்த சமயம் தழுவினார். ஏழே வாரங்கள் கழிந்து, டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் உடல் எரியூட்டப்பட்டது. 1990-இல் பாரத ரத்னா விருது, அவர் மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், வழங்கப்பெற்றது.

ஆண்டுதோறும் டிசம்பர் 6-ஆம் நாளை ஒட்டி நாகபுரியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மும்பைக்குச் சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. முன்பதிவில்லாப் பெட்டிகளில் முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். தாதரில் இறங்கி, நினைவிடத்தில் வணங்குவதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர். வருவோர்க்காக அருகிலுள்ள சிவாஜி பூங்காவில் மாநகராட்சியார் வரிசையாகக் குடிநீர்க் குழாய்களை அமைத்து வைக்கின்றனர்.